கட்சிரோலியின் தாயி

பல்லார்ஷாவில் ரயிலைவிட்டு இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. காற்றில் மட்டும் குளிர் விடவில்லை. முந்தின நாள் மாலை சென்னை சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட வந்த தங்கை, என் பையில் இரண்டு பொருள்களைத் திணித்திருந்தாள். ஒன்று கம்பளிச் சால்வை. இன்னொன்று துணியில் சுற்றிய பாலாடை. பாத்திரக் கடையில் வாங்கிய சாதாரண எவர்சில்வர் பாலாடை. "அந்தம்மாகிட்ட இதைக் காட்டுக்கா" என்றாள்.

அந்தப் பாலாடையில்தான் அவள் மகள் பால் குடித்தாள். ஏழாம் மாதம் முடிகிற சமயத்தில் பிறந்தவள். எடை 1,350 கிராம். 34 நாள் ஒரு மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பகல் பதினொரு மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, வாசலில் நின்று பார்க்கலாம். தொடக்கூடாது. தங்கை வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே அந்த ஒரு மாதத்தைக் கழித்தாள். மருத்துவம் குறைவில்லாமல் நடந்தது. பிள்ளை பிழைத்ததே அதனால்தான். ஆனால் வீட்டுக்கு அனுப்பிய நாளில் கையில் தந்தது ஒரு மருந்துச் சீட்டு மட்டும். அன்றிரவு அம்மாவும் தங்கையும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பதும், வைத்த விரலை நம்பாமல் மறுபடி வைப்பதுமாக விடிந்தது. இப்படிப் பல இரவுகள்.

"யாராச்சும் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, பிள்ளை நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்க்கா." பின்னாளில் தங்கை இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்படி வந்து சொல்வதற்கென்றே பெண்களைத் தயார் செய்த ஓர் ஊர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது என்று படித்ததிலிருந்து, அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் மனதில் கிடந்தது. போன டிசம்பரில்தான் கைகூடியது.

பல்லார்ஷாவிலிருந்து சந்திரபூர் பக்கம்தான். நிலக்கரியும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர். சாலையோர மரத்தின் இலையில்கூடக் கரி படிந்திருக்கும். அங்கிருந்து பஸ். மூல் என்கிற சிற்றூரைத் தாண்டியதும் காடும் வயலும் மாறி மாறி வருகின்றன. நெல் அறுத்து முடித்திருந்தார்கள். தாள் நிற்கிற வயலில் மாடுகள். வைன்கங்கா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கட்சிரோலி மாவட்டம். 1982இல் சந்திரபூரிலிருந்து பிரித்த மாவட்டம் இது. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. தேக்கும் மூங்கிலும் இலுப்பையும். கோண்டு மக்கள் வாழும் மண்.

கட்சிரோலி நகரத்திலிருந்து தானோரா போகும் சாலையில், இருபது கிலோமீட்டருக்குள் சோத்கிராம் வருகிறது. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் நடத்தும் 'செர்ச்' (SEARCH) அமைப்பின் இடம். அபய் பங் வார்தாவில் காந்தியின் சேவாகிராம ஆசிரமச் சூழலில் வளர்ந்தவர். இருவரும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டுத் திரும்பி, 1986இல் இந்தக் காட்டு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்குள்ள மருத்துவமனையை, மருத்துவமனை என்று சொன்னால்தான் தெரியும். ஒரு கோண்டு கிராமத்தைப் போல ஓட்டுக் கூரைகளும் குடில்களும் மரநிழலுமாக இருக்கிறது. அதற்கு வைத்திருப்பது தந்தேஸ்வரி அம்மன் பெயர். ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை என்று இந்த மக்களிடம் மருத்துவர்கள் கேட்டபோது கிடைத்த பதில்களிலிருந்து உருவான இடம் இது. பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது என்றார்கள். செத்தவர்களுக்குப் போர்த்துவதுதான் வெள்ளைத் துணி, உங்கள் ஆட்கள் வெள்ளை உடுத்தி நிற்கிறார்களே என்றார்கள். நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டு உறவினரை வெளியே துரத்துகிறீர்களே என்றார்கள். இங்கே நோயாளியோடு குடும்பமும் தங்கலாம். அந்தக் குடில்களின் முன்னால் நின்றபோது எனக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. படிக்காதவர்கள் என்று நாம் ஒதுக்குகிற மக்கள் கேட்ட மூன்றாவது கேள்வியை, படித்த நாங்கள் அந்த 34 நாளில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

ஒரு மழைக்கால மாலையில் இரண்டு பெண்கள் சாகக் கிடந்த கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு அபய் பங்கின் வீட்டுக்கு ஓடிவந்ததையும், அவர் சோதித்துப் பார்க்கும்போதே குழந்தை இறந்ததையும் அவர் எழுதியும் பேசியும் இருக்கிறார். அந்த ஒரு சாவுக்கு என்னென்ன காரணம் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தாராம். தாயின் பட்டினி, காய்ச்சல், பொய் வைத்தியம், கணவனின் குடி, தூரம் என்று பட்டியல் நீண்டது. ஆனால் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை அறுத்தால் போதும், குழந்தை பிழைத்திருக்கும் என்பதுதான் அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

1988இல் இந்தப் பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 121 ஒரு வயதைக் காணவில்லை. 1995-96இல் 39 கிராமங்களில் பிறந்த 763 பச்சிளங்குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். நூற்றில் 42 குழந்தைகள் இரண்டரை கிலோவுக்குக் குறைவு. பாதிக்கு மேல் ஏதாவது மருத்துவ உதவி தேவைப்பட்ட குழந்தைகள். அது கிடைத்ததோ நூற்றுக்கு மூவருக்குக்கூட இல்லை. அந்த ஆண்டு அவர்களில் 40 பேர் இறந்தார்கள். யாருக்கும் தெரியாமல் வந்து, யாருக்கும் தெரியாமல் போன பிள்ளைகள். மகாராஷ்டிரத்தின் குழந்தைச் சாவுகளைப் பற்றி 2001இல் அபய் பங்கும் மற்றவர்களும் வெளியிட்ட அறிக்கைக்குக் 'கோவளி பானகள்' என்று பெயர். இளந்தளிர்கள் உதிர்வது என்று பொருள். ஓர் அறிக்கைக்கு இப்படிப் பெயர் வைக்க, கண்ணால் கண்டவர்களால்தான் முடியும்.

குழந்தை மருத்துவமனைக்கு வராது என்றால், மருத்துவம் குழந்தையிடம் போக வேண்டும். யார் போவது? அந்தந்த ஊர்ப் பெண்ணே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது படித்த பெண்கள். மராத்தியில் 'ஆரோக்கிய தூத்' என்று பெயர், நலத் தூதர். பொம்மையை வைத்துப் பயிற்சி. பிறந்து அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க, முதலில் வாயோடு வாய், பிறகு குழாயும் முகமூடியும், அதன்பின் கையால் அமுக்கும் பை. குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவினால் ஜென்டாமைசின் ஊசி. ஊசியை ஒரு கிராமத்துப் பெண் கையில் கொடுப்பதா என்று எழுந்த கேள்வி சின்னதல்ல. அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, கணக்கு வைத்துக்கொண்டார்கள். 1999 டிசம்பரில் 'லான்செட்' இதழில் அந்தக் கணக்கு வெளிவந்தது. நலத் தூதர்கள் போன 39 கிராமங்களில், பிறந்து 28 நாளுக்குள் நேரும் சாவு, அவர்கள் போகாத 47 கிராமங்களோடு ஒப்பிட 62 சதவீதம் குறைந்திருந்தது.

எண்களைச் சென்னையிலேயே படித்திருந்தேன். நான் பார்க்க வந்தது அந்தப் பெண்களில் ஒருவரை.

மறுநாள் காலை, மொழிபெயர்க்க ஒரு கல்லூரி மாணவியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் காட்டுப் பாதையில் போனோம். ஊர் முகப்பில் நின்று வரவேற்றார் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது, மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை, தோளில் ஒரு துணிப்பை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலை செய்கிறவர். ஊரில் எல்லோரும் அவரைத் 'தாயி' என்கிறார்கள். மராத்தியில் அதற்கு அக்கா என்று அர்த்தம். என் காதில் அது தாய் என்றுதான் விழுந்தது. கடைசிவரை நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது பழைய சாமான் ஒன்றை எடுத்துக் காட்டினார். மரச் சட்டத்தில் கம்பி கட்டி மணிகள் கோத்த சின்னக் கருவி. பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கான மணல் கடிகாரம். அதிகம் எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக இங்கே செய்தது. குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு வரிசை, பெரிய குழந்தைக்கு இன்னொரு வரிசை. மணல் விழுந்து முடிவதற்குள் சிவப்பு மணியைத் தள்ள வேண்டி வந்துவிட்டால், மூச்சு அளவுக்கு மீறி ஓடுகிறது, நிமோனியா. தாயிக்கு எண்ணத் தெரியும், கைக்கடிகாரமும் இருக்கிறது. ஆனாலும் அந்த மணிச்சட்டத்தைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். நான் அதைக் கையில் வாங்கி ஒரு மணியைத் தள்ளிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு விழித்திருந்த இரவுகளில் இந்த மணிகள் இருந்திருந்தால், மூன்று பேரில் இரண்டு பேராவது தூங்கியிருப்போம்.

அன்று அவர் போக வேண்டியது 21ஆம் நாள் வீடு. எட்டாம் மாதம் பிறந்த ஆண் குழந்தை. மருத்துவமனையில் பிறந்து, சில நாள் அங்கே வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். குழந்தையின் பாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று அவள் சொன்னதை மாணவி மொழிபெயர்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே பேச்சை எங்கள் தெருவிலும் கேட்டு வளர்ந்தவள் நான். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். எட்டாம் மாதப் பிள்ளைக்கு ஏழாம் மாதப் பிள்ளையைவிட வாய்ப்பு அதிகம். தாயி அந்தப் பாட்டியிடம் வாதாடவில்லை. "எடை போடும்போது நீயே வந்து முள்ளைப் பார்" என்றார்.

முதலில் கை. நகம் வெட்டியிருக்கிறதா என்று தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டு, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, துடைக்காமல் காற்றில் ஆற விட்டார். பிறகு குழந்தை தூங்கும்போதே ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். 46. அக்குளில் தெர்மாமீட்டர். பாதத்தைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார், என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது, உடனே அணைத்துக்கொள். வயிறும் சில்லென்று இருந்தால் ஆபத்து, ஓடு. பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. தொப்புளைப் பார்த்தார். பிறகு தொட்டிலைப் போன்ற துணியில் குழந்தையை இட்டு, வில் தராசில் தொங்கவிட்டுத் தூக்கிப் பிடித்தார். தராசின் முகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டைகள். முள் சிவப்பில்தான் நின்றது. ஆனால் போன வாரம் 1,700 கிராம், இன்று 1,850. பாட்டி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். போன வாரம் முள் நின்ற இடத்தைத் தாயி விரலால் காட்டினார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எங்களுக்கு மணைப்பலகை எடுத்துவந்து போட்டாள்.

அதற்குப் பிறகுதான் தாயி குழந்தையின் அம்மாவைப் பார்த்தார். இருபது வயது இருக்கும். "தூங்கினாயா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் பெண் அழத் தொடங்கினாள். பால் போதவில்லையோ என்று மாமியார் கேட்கிறார். குழந்தை உறிஞ்சும்போதே களைத்துத் தூங்கிவிடுகிறது. நான் சரியாகச் சுமக்காததால்தான் முன்னாலேயே பிறந்துவிட்டதா? தாயி அவளை அழவிட்டார். அதன்பின் ரவிக்கையைத் தளர்த்தச் சொல்லி, குழந்தையை வெறும் மேனியாக, குல்லாய் மட்டும் போட்டு, அவள் மார்போடு நெட்டுக்குத்தாக வைத்து, மேலே சேலையைச் சுற்றி இறுக்கினார். கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது, இன்று உலக சுகாதார நிறுவனமே குறைமாதக் குழந்தைக்குப் பிறந்தவுடனேயே தொடங்கச் சொல்லும் முறை. தாயின் மார்பு வெதுவெதுப்பு இப்படிப் பிறந்த குழந்தைகளைக் காக்கிறது என்பது ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டது. தங்கை 34 நாள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் சேலை முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை அசைந்தபோது பாட்டி மருமகளிடம் கோண்டியில் ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல்லை மாணவி மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போனது. பால். கோண்டி தமிழுக்கு உறவுமொழி. பாலுக்கு அவர்களும் பால் என்றுதான் சொல்கிறார்கள். நான் என் பையைத் திறந்து பாலாடையை எடுத்தேன்.

முப்பத்து நான்கு வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றுகூடி வராது. பீச்சிய தாய்ப்பாலைக் கிண்ணத்திலோ கரண்டியிலோ பாலாடையிலோ ஊட்டச் சொல்கிறது மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் ஏடுகளிலேயே 'பாலாடை' என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது.  தாயி என் பாலாடையை வாங்கி அதன் மூக்கை விரலால் தடவிப் பார்த்தார். ஓரம் மழமழவென்று இருக்கிறதா என்று பார்த்தார். குழந்தையின் அம்மாவுக்கு, களைத்துப்போகும் வேளையில் பாலைப் பீச்சி இப்படிச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் விடு என்று தன் பையிலிருந்த கரண்டியால் செய்து காட்டினார். பாலாடையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். "உன் வீட்டுப் பிள்ளை வாய் வைத்த சாமான். வீட்டில் இருக்கட்டும்" என்று துணியில் சுற்றித் திருப்பித் தந்தார்.

சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். விறகுப் புகையும் குளிரும். கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்டேன். குழந்தை தங்காத வீடுகள்? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: பிள்ளை போன வீட்டுக்கும் அடுத்த முறைக்கான நாளில் போவேன். பையை எடுத்துப் போக மாட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டி வலிக்கும், அதற்கு என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டும். காய்ச்சல் இருக்கிறதா பார்க்க வேண்டும். பிள்ளையைப் பற்றி அவளிடம் யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுவேன். நான்தானே அதை எடை போட்டவள், எவ்வளவு இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

நான் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டேன்.

கட்சிரோலியின் இந்த முறையைத்தான் மத்திய அரசு 2011இல் நாடு முழுவதும் 'ஆஷா' என்கிற சுகாதாரப் பணியாளர்கள் வழியே கொண்டுவந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே பிறந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை. கட்சிரோலியில் செர்ச் வேலை செய்த கிராமங்களில் 2003இல் குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 30ஆக இறங்கியிருந்தது, தொடக்கத்தில் 121. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பெண்கள் அனைவருக்கும் சேர்த்து விருது அறிவித்தது. எல்லாம் பெருமைதான்.

ஊர் திரும்பிய இரவு தங்கை வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். ஐந்து வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நம்ம தெருவுல அப்படி ஒரு வீடு இருந்தா நான் போகலாம்ல?" என்றாள் தங்கை. போகலாம். ஊசி போடவும் மருந்து சொல்லவும் பயிற்சி வேண்டும். வராந்தாவில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார, அந்த நாற்காலியில் ஒருகாலத்தில் உட்கார்ந்திருந்ததே போதும். குறைமாதப் பிள்ளையை வளர்த்தெடுத்த வீடு நம் ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருக்கிறது. அவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போகட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் போக வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோகட்டும், இரண்டு மணி நேரம் அந்தத் தாயைத் தூங்கவைக்கட்டும். நாட்டு வைத்தியம் மட்டும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஷா பெண்களை அரசு ஏட்டில் தன்னார்வத் தொண்டர் என்றுதான் எழுதுகிறார்கள். அதனால் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். 42 நாளில் ஆறு முறை ஒரு வீட்டுக்குப் போய், எடை போட்டு, மூச்சை எண்ணி, பாதத்தைத் தொட்டுப் பார்த்து, தாயை அழவிட்டு, படிவத்தை நிரப்பி முடித்தால், அந்தக் குழந்தைக்கு 250 ரூபாய் என்று வகுத்தார்கள். ஒரு முறைக்கு 42 ரூபாய்கூட வரவில்லை. இது தொண்டு அல்ல, வேலை. அவர்களை ஊழியர் என்று எழுதி, மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.